பாதாளகங்கைப் படிகள்

கடப்பைக் கல் என்றால் நம் இல்லத்தரசிகளுக்கு விளக்கம் தேவையில்லை. அடுப்படி மேடையாகவோ அலமாரித் தட்டாகவோ அது இடம்பெறாத வீடு நம் பங்குகளில் அரிது. அக்கல் பிறக்கும் சீமையை நேரில் காணும் வாய்ப்பு சென்ற ஆண்டு நமக்குக் கிட்டியது. நம் பங்கின் மகள் ஒருத்தி கடப்பைப் பகுதியிலுள்ள கன்னியர் மடமொன்றில் முதல் வார்த்தைப்பாடு கொடுத்தாள். அந்நிகழ்ச்சிக்குப் பெரியோரும் சிறியோருமாக முப்பத்து நான்கு பேர் பேருந்து ஒன்றை அமர்த்திச் சென்றோம். சடங்கு முடிந்த மறுநாளை ஊர் பார்ப்பதற்கென்று ஒதுக்கியிருந்தோம். இத்தனை தூரம் வந்துவிட்டு வெறுமனே திரும்புவதா என்பது பெண்களின் வாதம். சிறுவர்களும் அதை வழிமொழிந்தனர்.

அந்தப் பெண்ணின் தாய்மாமன்மார் இருவரும் அப்பேருந்தில் இருந்தனர். மூத்தவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். இளையவருக்கு ஐந்தாறு வயது குறைவு. பொதுக் கிணற்றில் மோட்டார் போடும் முறை பற்றி எழுந்த தகராறு, பதினோர் ஆண்டுகளாக அவர்களிடையே நீதிமன்ற வழக்காக நடந்துவருகிறது. இருவரும் ஞாயிறு தவறாமல் பூசை காண்பவர்கள். ஆனால் நற்கருணை வாங்க மூத்தவர் வலப்பக்க வரிசையில் வந்தால், இளையவர் இடப்பக்க வரிசையில் வருவார். தகப்பனாரின் நினைவு நாளுக்கும் ஒரே நாளில் இரண்டு பூசைக் காணிக்கைகள் வரும். மருமகளுக்குச் சீர் செய்வதற்காக ஒரே வண்டியில் ஏறினார்களே, அதுவே பெரிய காரியம் என்று நாம் எண்ணிக்கொண்டோம். மூத்தவர் ஓட்டுநருக்குப் பின்னால் அமர்ந்தார். இளையவர் கடைசி இருக்கையில் அமர்ந்தார்.

காலையில் கண்டிக்கோட்டை சென்றோம். பெண்ணாறு செந்நிறப் பாறைகளை அறுத்துக்கொண்டு ஓடும் பள்ளத்தாக்கைக் கோட்டையின் விளிம்பிலிருந்து பார்த்தோம். அதன் அழகை வருணிக்கலாம். ஆனால் வெயில் நம்மை அங்கே அதிக நேரம் நிற்கவிடவில்லை. கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டபின் பேலம் குகைக்குப் புறப்பட்டோம். முன்பு கர்நூல் மாவட்டத்தில் இருந்த அவ்விடம், 2022 முதல் நந்தியால் மாவட்டத்தைச் சேர்ந்தது.

குகை என்றதும் மலையடிவாரத்தை எதிர்பார்த்தவர்கள் அங்கே ஏமாந்தனர். சுற்றிலும் சமவெளியே, மலையில்லை, பாறை முகப்பில்லை. தரையிலே பெருங்கிணறு போன்ற பள்ளம். அதனுள் இறங்கும் படிகள். அவ்வளவே வாயில். ஆனால் அதனடியில் 3,229 மீட்டர் நீளத்துக்குக் குகைவழிகள் அளக்கப்பட்டுள்ளன. பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டிருப்பது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். சென்னையை அடுத்த பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞரே, 1884இல் இக்குகையைப் பற்றியும் குறிப்பெழுதினார். பின்னர் ஏறக்குறைய நூறாண்டுகள் கழித்து, 1980களின் தொடக்கத்தில், டேனியல் கெபாவர் என்ற ஜெர்மானியரின் தலைமையில் வந்த குழுவினர் உள்ளே தவழ்ந்து சென்று அளந்தனர். பாதையும் மின்விளக்கும் அமைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 2002இல்.

இதைக் குடைந்தது தண்ணீர். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கி, அணு அணுவாக அதைக் கரைக்கிறது. கரைந்த சுண்ணாம்பைச் சொட்டுச் சொட்டாக மேற்கூரையில் விட்டுச் செல்லும்போது ஆலம் விழுதுகள் போலக் கல் விழுதுகள் வளர்கின்றன. சிலவற்றைத் தட்டினால் மணியோசை எழுகிறது. “கிறிஸ்துமஸ் குடிலுக்கு நாம் கசக்கி ஒட்டுகிற பாறைத்தாள் மாதிரியே இருக்கிறதே, சாமி!” என்றான் பீடச்சிறுவன் ஒருவன். எந்த அறிஞனும் அவ்விடத்தை இதைவிடப் பொருத்தமாக வருணித்திருப்பான் என்று நமக்குத் தோன்றவில்லை.

உள்ளே குளிர்ச்சியாக இருக்கும் என்பது பலரின் எண்ணம். நேர்மாறாக, புழுக்கம் தாங்கவில்லை. நம் அங்கி முதுகோடு ஒட்டிக்கொண்டது. குகையின் மிகத் தாழ்ந்த பகுதிக்குப் பாதாளகங்கை என்று பெயர். வாயில் மட்டத்திலிருந்து 150 அடி ஆழத்தில் உள்ள அவ்விடத்தில் ஒரு நீரோடை தோன்றிப் பாறைக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. அங்கே இறங்கும் வழி குறுகியது; படிகளில் ஈரம். முதியோரை மேலேயே இருக்கச் சொன்னோம். மூத்தவர் கேட்கவில்லை. “பூமிக்கடியில் ஓடுகிற தண்ணீரைப் பார்க்காமல் போவதா?” என்றார். கிணற்றுத் தண்ணீருக்காகப் பதினோர் ஆண்டு வழக்காடுபவர் அல்லவா! அவர் முன்னே இறங்கினார். அவருக்குப் பத்துப் படி பின்னால் நாம். நமக்குப் பின்னால் இன்னும் சிலர்.

பாதி வழியில் விளக்குகள் அணைந்தன.

மேலே அந்நேரம் இடியும் மழையுமாக இருந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தோம். இரவு இருட்டு வேறு. அந்த இருட்டு வேறு. இரவில் கண் பழகினால் ஏதாவது ஓர் உருவம் தெரியும். அங்கே நம் கையை முகத்தருகே கொண்டுவந்தும் தெரியவில்லை. கீழிருந்து ‘அம்மா’ என்ற அலறலும் ஏதோ சறுக்கிய ஓசையும் கேட்டன. நமது கைப்பேசி வண்டியில் இருந்தது. சுவரைப் பற்றியபடி ஒரு படி இறங்க முயன்றபோது, “சாமி, கொஞ்சம் ஒதுங்குங்க” என்று காதருகே மெல்லிய குரல் ஒலித்தது. இளையவரின் குரல். அவர் நம் தோளை உரசிக்கொண்டு கீழே இறங்கினார்.

“யாரது?” என்று மூத்தவர் கேட்டார். பதில் இல்லை. “யாரப்பா அது?” என்று மறுபடியும் கேட்டார். அதற்கும் பதில் இல்லை. மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. ஒரு கால் படியில் இழுபடும் ஓசையும், இருவர் மூச்சு வாங்கும் ஓசையும் மட்டும் நம்மை நோக்கி ஏறி வந்தன. மேலே திருப்பத்துக்கு அப்பால் சிலர் கைப்பேசி விளக்குகளை ஏற்றியிருக்க வேண்டும். மின்மினி போல ஒரு மங்கல் அசைந்ததேயன்றி, அவ்வொளி எங்களை எட்டவில்லை. பெண்கள் செபமாலையைத் தொடங்கிவிட்டனர்.

நாம் அப்போது செபித்தோம் என்று எழுத ஆசைதான். உண்மையில் நம் நினைவுக்கு வந்தது சாமுவேலின் முதல் நூலிலுள்ள எங்கேதிக் குகை. தன்னைக் கொல்லத் தேடும் சவுல் தனியே உள்ளே வர, குகையின் உட்புறத்தில் ஒளிந்திருந்த தாவீது ஓசையின்றி அவர் மேலங்கியின் ஓரத்தை மட்டும் அறுத்தார் அல்லவா? அந்தப் பகுதியை மறையுரையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். பகைவனின் மூச்சு கேட்கும் தொலைவில் இருட்டில் பேசாமல் நிற்பது என்றால் என்னவென்று, செவியால் அறிந்தது அன்றுதான்.

ஐந்தாறு நிமிடங்கள் கழித்து விளக்குகள் எரிந்தன. நமக்கு இரண்டு படி கீழே, மூத்தவரின் வலக்கை இளையவரின் கழுத்தைச் சுற்றியிருந்தது. இடக்கை அவருடைய கையைப் பற்றியிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆளுக்கொரு பக்கச் சுவரைப் பார்த்தனர். கையும் விலகவில்லை. கணுக்கால் வீங்கியிருந்த நிலையில் விலகியிருந்தால் மூத்தவர் விழுந்திருப்பார் என்பதும் உண்மையே. அப்படியே வாயில்வரை ஏறிவந்தனர்.

வழியில் ஒரு மருத்துவமனையில் காட்டினோம். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்று கட்டுப்போட்டு அனுப்பினர். பேருந்தில் பழையபடி ஒருவர் முன்னிருக்கை, மற்றவர் கடைசி இருக்கை. ஆனால் மூத்தவரின் ஒற்றைச் செருப்பு இளையவரின் மடியில் இருந்தது. எல்லோரும் வெளியேறிய பிறகு அவர் மறுபடியும் கீழே இறங்கி அதைத் தேடி எடுத்து வந்திருந்தார். விடியற்காலையில் ஊர் வந்து சேர்ந்ததும், ஓட்டுநருக்குப் பின்னிருந்த இருக்கையின் அடியில் அதை வைத்துவிட்டு, பேசாமல் இறங்கிப்போனார்.

விளக்கு வந்த கணத்தில் நம் கண்ணில் பட்ட இன்னொன்றை இங்கே சொல்ல வேண்டும். இளையவரின் சட்டைப்பையில் கைப்பேசி இருந்தது. ஒரு விரலால் தொட்டிருந்தால் வெளிச்சம் வந்திருக்கும். சில நாள் கழித்துக் கல்லறைத் தோட்டத்தருகே அவரைச் சந்தித்தபோது, ஏன் அதைப் போடவில்லை என்று கேட்டோம்.

“போட்டிருந்தால் அண்ணன் என் முகத்தைப் பார்த்திருப்பார், சாமி. கையை உதறியிருப்பார். அந்த வழுக்கலில் உதறினால் என்ன ஆகும்?” என்றார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த தவணைக்கும் இருவரும் வெவ்வேறு பேருந்தில்தான் நீதிமன்றம் சென்றார்கள் என்று கேள்விப்பட்டோம். தகப்பனாரின் நினைவு நாளும் வந்தது. பூசைக் காணிக்கை செலுத்த மூத்தவர் கோலூன்றியபடி பங்குமனைக்கு வந்தார். இம்முறையும் தனியாகவே எழுதச் சொன்னார். எழுதிக்கொண்டே, குகையில் கைகொடுத்தவர் யாரென்று அவருக்கு அப்போதே தெரியுமா என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“அவனுக்கு வலக்கைச் சுண்டுவிரல் கோணல், சாமி. சின்ன வயதில் கதவை ஓங்கிச் சாத்தினேன், இடுக்கில் மாட்டிக்கொண்டது” என்றார். பிறகு, கால் கட்டை அவிழ்த்துவிட்டு எண்ணெய் தேய்க்கலாமா என்று நம்மிடம் யோசனை கேட்டார்.

இதை எழுதலாமா என்று இருவரையும் கேட்டோம். மற்றவர் என்ன சொன்னார் என்று இருவரும் விசாரிக்கவில்லை, நாமும் சொல்லவில்லை. தனித்தனியே தலையசைத்தனர். இருவர் வீட்டிலும் இவ்விதழ் வாங்குகிறார்கள்.