விற்க முடியாத சாக்லேட் ஊர்

பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து தெற்கே போகும் உள்ளூர் ரயிலில் நான்காவது நிறுத்தம் போர்ன்வில். நிலையத்துக்குப் பூசியிருக்கும் கத்தரிப்பூ நிறமே இது யாருடைய ஊர் என்று சொல்லிவிடுகிறது. பக்கத்தில் பழைய கால்வாய். சற்று நடந்தால் செங்கல் தொழிற்சாலை. தொழிற்சாலை என்றதும் மனதில் தோன்றும் கரியும் புகையும் இங்கு இல்லை. எதிரே கிரிக்கெட் மைதானம், அதைத் தாண்டி புல்வெளி, மரங்கள், தோட்டத்துக்கு நடுவே ஓட்டுக்கூரை வீடுகள். காற்று சாதகமாக வீசும் நாளில் தெருமுனைவரை சாக்லேட் மணக்கும்.

இந்தியக் கடைகளில் போர்ன்வில் என்பது 2009ல் அறிமுகமான கறுப்புச் சாக்லேட்டின் பெயர். அது ஓர் ஊரின் பெயர் என்பதும், அந்த ஊரைக் கட்டியவர்கள் கேட்பரி குடும்பத்தினர் என்பதும் உறையைப் பிரிப்பவர்களில் பலருக்குத் தெரியாது. 2010ல் அமெரிக்காவின் கிராஃப்ட் நிறுவனம் கேட்பரியைச் சுமார் 1,150 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஆலை, இயந்திரங்கள், செய்முறைகள், பெயர் என்று எல்லாம் கைமாறின. எதிரே உள்ள வீடுகளும் தெருக்களும் பூங்காக்களும் மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. சேர்ந்திருக்கவும் முடியாது. அதற்கான ஏற்பாட்டை 110 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்து வைத்திருந்தார்.

கதை 1824ல் தொடங்குகிறது. பர்மிங்ஹாமின் புல் தெருவில் ஜான் கேட்பரி என்ற இளைஞர் தேயிலை, காப்பி, கோகோ விற்கும் கடை திறந்தார். அவர் குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர். பாதிரியார் இல்லாத, சடங்கு இல்லாத, மௌனமாக உட்கார்ந்து வழிபடும் கிறிஸ்தவர்கள் இவர்கள். ஆங்கிலத் திருச்சபையைச் சேராத காரணத்தால் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் பெறும் வழி அவர்களுக்கு நெடுங்காலம் அடைக்கப்பட்டிருந்தது. படையில் சேர மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. மிஞ்சியது வியாபாரம். அதிலும் மது விற்பது பாவம். ஏழைகளின் குடியைக் கெடுக்கும் சாராயத்துக்கு மாற்றாகச் சூடான கோகோ பானம் அவர்களுக்குத் தோதாக அமைந்தது. பிரிஸ்டலில் ஃப்ரை, யார்க்கில் ரௌண்ட்ரீ என்று இங்கிலாந்தின் மற்ற பெரிய சாக்லேட் குடும்பங்களும் குவேக்கர்களே.

1861ல் தொழில் ஜானின் மகன்கள் ரிச்சர்டுக்கும் ஜார்ஜுக்கும் வந்தபோது அது கிட்டத்தட்ட மூழ்கிக்கொண்டிருந்தது. தாய் வழியில் வந்த ஆளுக்கு 4,000 பவுண்டை அதில் போட்டார்கள். அந்தக் காலத்து கோகோவில் கொழுப்பு அதிகம். அதை மறைக்க மாவுச்சத்தைக் கலப்பது வழக்கம். ஹாலந்திலிருந்து ஒரு பிழியும் இயந்திரத்தை வரவழைத்து, கொழுப்பை நீக்கி, கலப்படமில்லாத கோகோத் தூளை 1866ல் விற்பனைக்கு விட்டார்கள். வியாபாரம் நிமிர்ந்தது. ஊருக்குள் இருந்த பிரிட்ஜ் தெரு ஆலையில் இடம் போதவில்லை.

நகரை விட்டு நான்கு மைல் தள்ளி, வயல்வெளிக்கு நடுவே பதினாலரை ஏக்கர் நிலம் வாங்கி 1879ல் ஆலையை மாற்றினார்கள். பால் வரக் கால்வாய், சரக்கு போக ரயில், சுத்தமான காற்று. நிலத்தின் ஓரமாக ஓடிய போர்ன் என்ற ஓடையின் பெயரோடு ‘வில்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை ஒட்டினார்கள். அன்று உயர்ந்த சாக்லேட் என்றால் பிரெஞ்சுச் சாக்லேட். பிடிவாதமான குவேக்கர்களுக்கும் விளம்பரம் தெரிந்திருந்தது!

ஊர் அப்போது இல்லை. மேஸ்திரிகளுக்காக ஆலையருகே சில வீடுகள் மட்டுமே. ஊர் என்ற எண்ணம் ஜார்ஜுக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமைகளில். பர்மிங்ஹாமில் தொழிலாளர்களுக்கு எழுத்தும் பைபிளும் கற்பிக்கும் முதியோர் பள்ளியில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆசிரியராக இருந்தவர் அவர். மாணவர்களைத் தேடிப்போனபோது அவர்கள் குடியிருந்த இடங்களைப் பார்த்தார். முதுகோடு முதுகு ஒட்டிய, பின்புறச் சன்னலே இல்லாத வீடுகள், பொதுக் கழிப்பறை, பொதுக் குழாய், அவற்றுக்கு நடுவே சாராயக்கடை. இந்த இடத்தில் இருந்துகொண்டு ஒருவனைக் குடிக்காதே என்று சொல்வதில் அர்த்தமில்லை என்பது அவர் முடிவு. 1893ல் ஆலையை ஒட்டி 120 ஏக்கர் வாங்கினார். வில்லியம் அலெக்சாண்டர் ஹார்வி என்ற இளம் கட்டடக் கலைஞர் அமர்த்தப்பட, 1895ல் வேலை தொடங்கியது.

போர்ன்வில்லின் கணக்கு எளிமையானது. மனைப்பரப்பில் கால்பங்குக்கு மேல் வீடு கட்டக்கூடாது. மீதி தோட்டம். குடிவருகிறவர் வருவதற்கு முன்பே மண்ணைக் கொத்தி, ஆப்பிள், பேரி, பிளம் மரங்களை நட்டுவைத்தார்கள். சாலைகளும் தோட்டங்களும் போக மீதியில் பத்தில் ஒரு பங்கு பூங்காவுக்கு. மதுக்கடைக்கு இடமே இல்லை. குடிவந்தவர்களுக்கு ஆரோக்கிய யோசனைகளும் இலவசம்: மூக்கால் மூச்சு விடுங்கள், தேயிலையை மூன்று நிமிடத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள், கணவனும் மனைவியும் தனித்தனிக் கட்டிலில் படுங்கள். கடைசி யோசனையை எத்தனை பேர் கேட்டார்களோ!

ஆனால் முதல் ஏற்பாட்டிலேயே ஓட்டை விழுந்தது. முதலில் கட்டிய 143 வீடுகளை 999 ஆண்டுக் குத்தகைக்கு, குறைந்த வட்டியில் கடன் கொடுத்து விற்றார் ஜார்ஜ். வாங்கியவர்களில் சிலர் நல்ல லாபத்துக்குக் கைமாற்றிவிட்டுப் போனார்கள். நல்ல காற்றும் தோட்டமும் உள்ள வீட்டுக்கு விலை ஏறாமலா இருக்கும்? ஏழைக்கென்று கட்டியது ஏழைக்கு எட்டாத உயரத்துக்குப் போவதை அவர் கண்ணெதிரே பார்த்தார். பரோபகாரிகள் பலர் இந்த இடத்தில் மனிதர்களை நொந்துகொண்டு ஒதுங்கியிருப்பார்கள். ஜார்ஜ் 1900ல் போர்ன்வில் கிராம அறக்கட்டளையை உருவாக்கி, 330 ஏக்கர் நிலத்தையும் 313 வீடுகளையும் அதற்கு எழுதி வைத்தார். அதன் வருமானம் கேட்பரி கம்பெனிக்கும் போகாது, குடும்பத்துக்கும் போகாது. வாடகையில் மிஞ்சுவது மேலும் வீடு கட்டுவதற்கே.

இன்னொரு முடிவும் முக்கியமானது. கேட்பரி ஊழியர்களுக்கு மட்டும்தான் வீடு என்று அவர் சொல்லவில்லை. தொடக்க ஆண்டுகளிலேயே குடும்பத் தலைவர்களில் பாதிக்கும் குறைவானவர்கள்தான் ஆலையில் வேலை செய்தார்கள். லிவர்பூலுக்கு அருகே சோப்பு அதிபர் லீவர் 1888ல் தொடங்கிய போர்ட் சன்லைட்டும் அழகான ஊர்தான். ஆனால் அங்கே வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் வீடும் போயிற்று. நம் நாட்டில் இத்தகைய ஊர் என்றால் ஜாம்ஷெட்பூர். அகலமான சாலைகள், நிழல் மரங்கள், விளையாட்டு மைதானங்கள், எல்லா மதத்தினருக்கும் வழிபாட்டு இடங்கள் வேண்டும் என்று ஜாம்ஷெட்ஜி டாட்டா மகனுக்குக் கடிதம் எழுதியது 1902ல், அதாவது போர்ன்வில் அறக்கட்டளை பிறந்த இரண்டாண்டுக்குள். அங்கே ஊரும் உருக்காலையும் பிரிக்க முடியாதபடி பின்னிப்போயின. போர்ன்வில்லில் நிறுவியவரே முடிச்சை அவிழ்த்து வைத்தார்.

ஆலைக்குள் நிலைமை வேறு. அங்கே கேட்பரிதான் தகப்பன். நீச்சல் குளம், மருத்துவர், சனிக்கிழமை அரை நாள் விடுப்பு, 1906லேயே ஓய்வூதிய நிதி என்று அந்தக் காலத்துக்கு அபூர்வமான வசதிகள். வெள்ளை உடுப்பில் வேலைக்கு வரும் பெண்களுக்குத் தனி மைதானம். கல்யாணம் ஆனால் மட்டும் வேலை இல்லை. கையில் ஒரு பைபிளும் ஒரு கார்னேஷன் பூவும் கொடுத்து அனுப்பிவைப்பார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். எந்தப் பெண்ணையும் கேட்டுச் செய்ததில்லை.

இதையெல்லாம்விடக் கசப்பான பகுதி ஆப்பிரிக்காவில் இருக்கிறது. நூற்றாண்டின் தொடக்கத்தில் கேட்பரி வாங்கிய கோகோவில் ஏறத்தாழ பாதி, மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் போர்ச்சுகல் ஆண்ட சாவோ டோமே, பிரின்சிபே தீவுகளிலிருந்து வந்தது. அங்கே வேலை செய்தவர்கள் அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். காகிதத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தம். நடைமுறையில் யாரும் ஊர் திரும்பியதில்லை. ஒப்பந்தக் கூலி என்ற சொல்லின் கனம், நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் கப்பலேறியவர்களின் வம்சத்தினருக்குத் தெரியும். அவர்களுக்காவது திரும்பும் வழி சட்டத்தில் இருந்தது.

1901ல் ரிச்சர்டின் மகன் வில்லியம் கேட்பரியின் கைக்கு ஒரு தோட்ட விற்பனைப் பட்டியல் கிடைத்தது. நிலம், கட்டடம், மாடுகளோடு கூலிகளும் விலை போட்டுச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். குவேக்கர்கள் அடிமை ஒழிப்புப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர்கள். ஆனாலும் உடனே கொள்முதலை நிறுத்தவில்லை. வில்லியம் லிஸ்பனுக்குப் போய் அதிகாரிகளைப் பார்த்தார். 1905ல் ஜோசப் பர்ட் என்பவரை விசாரணைக்கு அனுப்பினார்கள். இடையில் ஹென்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர் நேரில் போய்ப் பார்த்து 1906ல் புத்தகமே எழுதிவிட்டார். கேட்பரி அந்தக் கோகோவை ஒதுக்கியது 1909 மார்ச்சில். எட்டு வருடம். வாங்குபவராக இருந்தால்தான் போர்ச்சுகலை வற்புறுத்த முடியும் என்பது அவர்கள் வாதம். அந்த எட்டு வருடமும் போர்ன்வில்லில் ஆப்பிள் மரங்கள் காய்த்துக்கொண்டிருந்தன.

‘ஸ்டாண்டர்டு’ நாளிதழ் இந்த முரணை 1908ல் குத்திக்காட்டியது. அதற்கும் அரசியல் உண்டு. ஜார்ஜ் 1901ல் வாங்கிய ‘டெய்லி நியூஸ்’ பத்திரிகை, தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனக் கூலிகளின் அவலத்தைச் சொல்லி ஆளுங்கட்சியைச் சாடிவந்தது. கேட்பரி அவதூறு வழக்குத் தொடுத்தது. 1909 டிசம்பரில் பர்மிங்ஹாம் ஜூரிகள் கேட்பரி பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். நஷ்டஈடு? ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. இதைவிடக் கச்சிதமாக ஒரு தீர்ப்பு எழுத முடியாது. கொள்முதல் பின்னர் கோல்ட் கோஸ்ட்டுக்கு, இன்றைய கானாவுக்கு, நகர்ந்தது.

அந்தக் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வேறொரு தொடர்பும் உண்டு. ஜார்ஜ் தம் பழைய வீடான வுட்புரூக்கை 1903ல் குவேக்கர் கல்வி நிலையமாக்கினார். போர்ன்வில்லிலிருந்து நடை தூரம். 1930ல் தாகூர் அங்கே விருந்தினர். வட்டமேஜை மாநாட்டுக்கு வந்த காந்தி 1931 அக்டோபரில் அங்கே தங்கினார். காந்திக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே பின்னாளில் தூது போன ஹொரேஸ் அலெக்சாண்டர் அங்கே ஆசிரியராக இருந்தவர். அந்த நிலையம் தன் கட்டடத்தை 2023ல் மூடிவிட்டது. கம்பெனி இந்தியாவுக்கு வந்தது 1948ல். 1965லிருந்து கேரளத்தில் கோகோ பயிரிடவும் ஊக்கம் கொடுத்தது. இன்று பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலும் அது ஊடுபயிர்.

இங்கிலாந்தில் குடும்பத்தின் பிடி மெல்லத் தளர்ந்தது. 1962ல் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 1969ல் ஷ்வெப்ஸ் பானக் கம்பெனியோடு இணைப்பு. கிராஃப்ட் வலை வீசியபோது, விலை ஏறும் என்று கடைசி வாரங்களில் பங்குகளை அள்ளிய முதலீட்டு நிதிகளின் கையில்தான் முடிவு இருந்தது. பிரிஸ்டல் அருகே இருந்த பழைய ஃப்ரை ஆலையை மூடமாட்டோம் என்று சொல்லிவந்த கிராஃப்ட், கம்பெனி கைக்கு வந்த சில நாட்களிலேயே மூடப்போவதாக அறிவித்தது. கையகப்படுத்தல்களைக் கண்காணிக்கும் அமைப்பு பகிரங்கமாகக் கண்டித்தது. உற்பத்தி போலந்துக்குப் போனது. 2012லிருந்து கேட்பரி, கிராஃப்டிலிருந்து பிரிந்த மாண்டலீஸின் சொத்து. விக்டோரியா காலத்திலிருந்து இருந்த அரச குடும்ப முத்திரை 2024 டிசம்பரில் பறிபோனது. போர்ன்வில் ஆலை இயங்குகிறது. அதன் ஒரு பகுதி 1990லிருந்து சுற்றுலாத் தலம்.

எதிரே அறக்கட்டளை இன்று சுமார் ஆயிரம் ஏக்கரையும் எட்டாயிரத்துக்கு நெருக்கமான வீடுகளையும் பார்த்துக்கொள்கிறது. வாடகை வீடுகளும் உண்டு, சொந்த வீடுகளும் உண்டு. சொந்த வீடுகளின் விலை ஜார்ஜ் பயந்தபடியே ஏறித்தான் இருக்கிறது. மதுவிலக்கில் 2015ல் ஒரு பத்திரிகைக் கடைக்கு மது விற்கும் உரிமம் கிடைத்தபோது அது நாடறிந்த செய்தியானது. பசும்புல் நடுவே, கேட்பரி தம்பதியின் வெள்ளி விழாவுக்குத் தொழிலாளர்கள் பணம் போட்டுக் கட்டிய எண்கோண மண்டபம் 1914லிருந்து நிற்கிறது. பள்ளிக்கூடக் கோபுரத்தின் 48 மணிகள் இன்றும் ஒலிக்கின்றன.

சொந்த வீட்டுக்காரரும் முன்புற வேலியை வெட்டிவிட்டுக் கார் நிறுத்த இடம் செய்ய நினைத்தால் அறக்கட்டளையின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். சன்னலை மாற்றுவதற்கும் அப்படியே. இதில் முணுமுணுப்பு உண்டு. விண்ணப்பங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன.