மகன் கதைக்கானா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஓடித் திரிகிற வயதில் வீட்டில் பிள்ளை இருப்பவர்கள் நேரம் எடுத்து வாசித்தால் சந்தோஷம். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

மகனுக்கு 18 மாத ஊசி போடக் கிளினிக் போயிருந்தோம். ஊசி போட்டாயிற்று, போலியோச் சொட்டும் விட்டாயிற்று. அழுதுகொண்டிருந்தவனை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தபோது மிட்வைப் மிஸ் அந்த நீலப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"டீச்சர், மகன் எத்தின சொல்லு சொல்றாரு?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "ஒரு பத்துப் பன்னெண்டு சொல்லுவாரு மிஸ்" என்று வாயில் வந்துவிட்டது. அவரும் எழுதிக்கொண்டார்.

பொய். அவன் அப்போது சொன்னது மூன்றே மூன்று. "ம்மா", அது உம்மாவுக்கும் தண்ணீருக்கும் றோட்டில் போகிற மாட்டுக்கும் பொது. அடுத்தது "தா". மூன்றாவது "ஊ". அதைச் சொல் என்று கணக்கில் எடுக்கலாமா என்று வீடு வரும்வரை பைக்கில் வாதாடிக்கொண்டு வந்தோம்.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள், ஆரம்பப் பிரிவு. அட்டாளைச்சேனை கல்வியியல் கல்லூரியில் பியாஜே, வைகொட்ஸ்கி எல்லாம் பாடமாக்கி நல்ல புள்ளி எடுத்தவர்கள். பிள்ளைக்கு மொழி வருவது சுற்றியிருக்கிற பெரியவர்களோடு பழகித்தான் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். தரம் 1 பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, "வீட்ட புள்ளையோட கதைங்க, போன குடுக்காதீங்க" என்று புத்தி சொல்வதும் நாங்கள்தான். அன்று கிளினிக் வரிசையில் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றின் உம்மா பின்னால் நின்றார். அவர் காதில் "மூணு சொல்லு" என்று விழ வேண்டாம் என்றுதான் பத்தும் பன்னிரண்டும் வந்தது. வேறு காரணம் இல்லை.

வீட்டில் நடந்ததையும் மறைக்காமல் சொல்கிறோம். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டு வருவோம். சாப்பிட்டு, தொழுது, கொப்பிக் கட்டை விரித்தால் அஸர் வரைக்கும் சிவப்புப் பேனைதான். மகனுக்கு எட்டு மாதத்தில் சோறு ஊட்டப் போனைக் காட்டத் தொடங்கியது. வாய் தானாகத் திறந்தது, அல்ஹம்துலில்லாஹ் என்று நினைத்தோம். பிறகு பெம்பர்ஸ் மாற்றப் போன், நகம் வெட்டப் போன், வீட்டுக்கு ஆட்கள் வந்தால் போன். காலையில் அவனைப் பார்த்துக்கொள்வது உம்மா. முழங்கால் நோவோடு அவர் எத்தனை தரம் ஓடுவார்? அவர் கையில் அந்தப் போனைக் கொடுத்துவிட்டுப் போனதும் நாங்கள்தான். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது எங்களுக்குத் தெரியாதா? அதைப் பகிர்ந்து ஒரு பதிவும் போட்டிருக்கிறோம். தேடினால் இந்தப் பக்கத்திலேயே கிடக்கும்.

கிளினிக் போய் வந்த பிறகு இரவில் நித்திரை வரவில்லை. பகலில் வருகிறவர்கள் ஆளுக்கொரு கதை. "ஆம்புளப் புள்ளைகள் சுணங்கித்தான் கதைக்கும்." "உங்கட சின்னமாமாவும் மூணு வயசுலதான் வாய் தெறந்த." "கண்ணூறா இரிக்கும், ஓதிப் பாருங்க." ஒருவர் மட்டும் குரலைத் தாழ்த்தி வேறொரு பெயரைச் சொன்னார். அன்றிரவு இரண்டு மணி வரைக்கும் இன்டர்நெட்டில் தேடினோம். தேடினதும் போனில்தான்.

அடுத்த மாதம் கிளினிக் போய் மிட்வைப் மிஸ்ஸிடம் உண்மையைச் சொன்னோம். ஏசுவார் என்று நினைத்தோம். அவர் புத்தகத்தை வாங்கி, எழுதியதை ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் 3 என்று போட்டார். "டீச்சர்மார்தான் கூடப் பொய் சொல்ற" என்று சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாக விசாரித்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா? வேண்டியதை விரலால் காட்டுகிறானா? கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறானா? எல்லாம் செய்வான். "அப்ப பயப்புடாதீங்க. ஆனா சும்மாவும் இரிக்காதீங்க. காதைச் செக் பண்ணுங்க. போன நிப்பாட்டுங்க. வெளிய கூட்டிட்டுப் போய்க் கதைங்க" என்று, டொக்டரிடம் காட்டி, காது சோதனைக்குக் கடிதமும் வாங்கித் தந்தார்.

போனை நிறுத்திய முதல் நான்கு நாளைப் பற்றி எழுதாமல் விடுகிறோம். சோற்றுக் கோப்பை சுவரில் பட்ட அடையாளம் இன்னும் இருக்கிறது.

ஐந்தாம் நாள் அஸருக்குப் பிறகு வெளியே இறங்கினோம். உம்மா, "கடல் பக்கம் வேணா, வயல் பக்கம் கொண்டு போங்களன்" என்றார். உம்மாவுக்குக் கடல் என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலை அவரது தங்கை, எங்களுக்குச் சாச்சி, கடற்கரை வீதிக்கு அந்தப் பக்கம் இருந்தார். ஜனாஸாவும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு உம்மா கடலைப் பார்த்ததில்லை. இரைச்சல் கூடின இரவுகளில் யன்னலைச் சாத்திவிட்டுத்தான் படுப்பார்.

அவர் சொன்னபடி கரைவாகு வயல் பக்கம் பைக்கில் போனோம். உழவு நேரம். மெஷினுக்குப் பின்னால் கொக்குகள் புழு பொறுக்கிக்கொண்டு நடந்தன, நல்ல காட்சி. ஆனால் பைக்கில் முன்னால் இருத்தி வைத்த பிள்ளைக்கு எல்லாம் ஓடுகிற படம் மாதிரித்தான். நாங்கள் பேசுவது காற்றில் போனது. பைக்கை விட்டு நடக்கலாம் என்று ஒருநாள் கடப்படியில் இறக்கி விட்டோம். அவன் நேராகக் கிழக்கே திரும்பினான். கடற்காற்று வருகிற பக்கம்.

எங்கள் கடப்படியிலிருந்து கடற்கரை 400 மீற்றர் இருக்கும். பைக்கில் ஒரு நிமிடம், மகனோடு 50 நிமிடம். வடிகான் மூடி ஒவ்வொன்றிலும் ஏறி இரண்டு தரம் மிதிக்க வேண்டும். உடைந்த மூடி ஒன்று இருக்கிறது, அந்த ஓட்டைக்குள் கல் போட்டு "டொப்" கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இன்னொரு கல். பிறகு கட்டிக் கிடக்கிற ஆடு. பிறகு கடைவாசலில் பூனை. அந்தப் பூனை எங்களைக் கண்டாலே எழும்பிப் போய்விடும். றோட்டில் வருகிற எல்லோரும் பைக்கை நிறுத்தி, "என்ன சேர், பைக் பழுதா?" என்று கேட்டார்கள். நடந்து போவதற்கு இந்த ஊரில் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

உம்மாவிடம் "சும்மா றோட்டு வரைக்கும் போனோம்" என்று சொன்னோம். அது இரண்டாவது பொய். மூன்றாம் நாள் மகனின் களிசான் பொக்கற்றிலிருந்து ஒரு பிடி கடல் மணல் கொட்டியது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. களிசானை முற்றத்தில் உதறிவிட்டுக் கழுவப் போட்டார்.

இரண்டு கிழமை போனது. ஒரு சொல்லும் கூடவில்லை. நாங்கள் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். "இது என்ன மகன்? ஆடு. சொல்லுங்க, ஆ-டு. இது என்ன? தோ-ணி." அவன் வாயை இறுக்கிக்கொண்டு எங்களையே பார்ப்பான். கரையில் கிழிந்த வலையைத் திருத்திக்கொண்டிருந்த மாமா ஒருவர் இதை நாலைந்து நாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கேட்டார்.

"சேர், உங்கட மகன் சோதினை எழுதவா வந்த?"

எங்களுக்கு விளங்கவில்லை.

"வந்ததிலிரிந்து கேள்விதானே கேக்கீங்க. அவன் என்ன செய்வான் பாவம். இஞ்ச வாங்க மகன்." பக்கத்தில் இருத்திக்கொண்டு, தன் பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டே கதைக்கத் தொடங்கினார். இந்தக் கண்ணியைப் பெரிய பாரை ஒன்று கிழித்தது, இதில் நெத்தலி நிற்காது, ஓடிவிடும், அந்தத் தோணி நம்மட, மற்றது காக்காட. ஒரு கேள்வியும் இல்லை. மகன் வலையைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கால் மணித்தியாலம் அவன் ஓரிடத்தில் இருந்ததை நாங்கள் அன்றுதான் கண்டோம்.

வைகொட்ஸ்கியும் இதைத்தான் சொன்னார் போலும். எங்களுக்கு மாமா சொல்லித்தான் விளங்கியது.

அன்றிலிருந்து கேட்பதை விட்டோம். காண்பதைச் சொல்வோம், பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். ஆசிரியர்களுக்கு இந்தக் காத்திருக்கிற வேலைதான் பெரிய கஷ்டம். வகுப்பில் ஒரு பிள்ளை பதில் சொல்ல மூன்று செக்கன் சுணங்கினால் அடுத்த பிள்ளையைக் கேட்டுப் பழகின ஆட்கள் நாங்கள்.

முதல் சொல்லைக் கொண்டுவந்தது நாங்கள் இல்லை, பாண்காரர். பின்னேரம் சூன் பாண் வண்டி அந்தப் பாட்டோடு வரும். பீத்தோவன் பியானோவுக்கு எழுதின இசை இலங்கையில் பாண் பாட்டாகி எத்தனையோ காலம். கடற்கரையிலிருந்து திரும்பி வரும்போது, வண்டி இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் இருக்கும்போதே மகன் நின்றான். தலையைத் திருப்பினான். கையை நீட்டி, "பாண்" என்றான். தெளிவாக, ண் உட்பட. நாங்கள் நடுறோட்டில் நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். அன்று தேவைக்கு மேல் மூன்று மாலுபணிஸ் வாங்கினோம். பாண்காரருக்கு ஏன் என்று தெரியாது.

காது கேட்கிறது என்று அன்றே எங்களுக்கு விளங்கிவிட்டது. இருந்தாலும் கடிதம் இருக்கிறது, மட்டக்களப்புக்குப் போனோம். பஸ்ஸில், போன் இல்லாமல். கச்சான் காற்று அடிக்கிற காலம், யன்னல் திறந்தால் நெருப்பு. கல்லாற்றுப் பாலம் வரும்வரை நன்றாக இருந்தவன் பிறகு கத்தத் தொடங்கினான். முழு பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. ஒருவர் நல்ல மனதோடு தன் போனையே நீட்டினார். "வேணாம் தம்பி" என்று சொல்ல எங்களுக்கு நெஞ்சடைத்தது, ஏனென்றால் வாங்கத்தான் கை போனது. பின் சீற்றிலிருந்த தமிழ் அம்மா ஒருவர் மகனைத் தன் மடிக்கு வாங்கி, பையிலிருந்த வெண்டிக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் கொடுத்து, களுவாஞ்சிகுடியில் இறங்கும்வரை அவனோடு கதைத்துக்கொண்டே வந்தார். காத்தான்குடியில் வீதி நடுவே நிற்கிற பேரீச்சை மரங்களைக் கண்டு மகன் "ஊ" என்றான். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு "ஊ". அது சொல்தான் என்று அன்று தீர்ப்புச் செய்தோம். அழகானதைக் கண்டால் சொல்கிறது.

காதில் குறை இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அதற்குப் பிறகு சொற்கள் ஒன்றிரண்டாக வந்தன. ஆடு, கல்லு, பூன, தோணி. "டொப்" என்பதையும் எழுதி வைத்தோம். குளிரூட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி, வந்த திகதியோடு. ஒருநாள் மஃரிபுக்கு முன்னால் வீட்டுக்கு வந்தபோது உம்மா கடப்படியில் நின்றார். எங்களைப் பார்க்கவில்லை. மகனிடம் குனிந்து, "அங்க என்ன கண்டீங்க?" என்றார்.

"தோணி" என்றான். பிறகு கையை விரித்து, "பெரீ தோணி."

இரண்டு சொல் சேர்ந்து வந்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் தாளை நோக்கி ஓடப் பார்த்தோம். உம்மா நகரவில்லை. "பெரிய தோணியா மகன்? உங்கட மூத்தப்பாக்கும் தோணி இரிந்த. நீலத் தோணி. உங்கட சாச்சிம்மா அதில ஏறி இரிந்துக்கிட்டு எறங்க மாட்டன் எண்டு அழுவா" என்றார்.

சாச்சியின் பேச்சை அவர் வாயால் நாங்கள் கேட்டு எத்தனையோ வருடம். மகன் "அழுவா" என்றான். உம்மா "ஓம் மகன், அழுவா" என்றார். இருவரும் கடப்படியிலேயே இருந்து அந்தக் கதையை மூன்று தரம் கதைத்தார்கள். மூன்றாம் தரம் உம்மா சிரித்தார்.

இப்போது மகனுக்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும். தாளில் 61 சொல் இருக்கிறது. பக்கத்து வீட்டில் அவனை விட ஒரு மாதம் இளைய பிள்ளை முழு வசனமாகக் கதைக்கிறாள், கதையும் சொல்கிறாள். எங்கள் மகன் இன்னும் பின்னால்தான். கிளினிக்கில் 61 என்றே சொன்னோம். மிட்வைப் மிஸ் தாளையே வாங்கிப் பார்த்தார், எங்கள் பேச்சில் அவ்வளவு நம்பிக்கை. மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார், பார்ப்போம் இன்ஷா அல்லாஹ். போன் முழுதாகப் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டோம். போன கிழமை தவணைப் பரீட்சைத் தாள் திருத்தும்போது ஒருநாள் கொடுத்தோம். 20 நிமிடம்.

மழை தொடங்கிவிட்டதால் கடற்கரைப் பயணம் குறைவு. வடிகான் மூடி வரைக்கும் குடையோடு போய் வருகிறோம். ஓட்டைக்குள் இப்போது தண்ணீர் நிரம்பி "டொப்" வேறு மாதிரிக் கேட்கிறது. அதற்கு அவனிடம் வேறு சொல் இருக்கிறது, எழுத்தில் எழுத வராது.

இவ்வளவும் எழுதி முடிக்கும்போது பாண் வண்டிப் பாட்டு கேட்கிறது. உம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒருவர் கடப்படியில் நிற்கிறார். சில்லறைக் காசு தேட வேண்டும். வஸ்ஸலாம்.