டபார்டு சத்திரத்தின் கதை

லண்டன் மாநகரத்தைப் பார்க்கச் செல்கிறவர்களில் பலர் தேம்ஸ் நதியின் வடகரையைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அரண்மனையும் பார்லிமெண்டும் அந்தக் கரையிலேயே இருப்பதால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால், லண்டன் பாலத்தைக் கடந்து தென்கரையில் இறங்கினால் சதர்க் என்னும் பகுதியின் பெரிய கடைத்தெரு எதிர்ப்படும். 'பரோ ஹை ஸ்ட்ரீட்' என்பது அதன் பெயர். அந்த வீதியின் கீழண்டைப் பக்கத்தில் டால்பட் யார்டு என்று ஒரு சிறு சந்து இருக்கிறது. அதற்குள் நுழைந்து பழைய கட்டடம் எதையாவது தேடினால் ஏமாற்றந்தான் மிஞ்சும். 566 வருஷ காலம் அங்கே விளங்கி, பிறகு தரைமட்டமாகிப் போன ஒரு சத்திரத்தின் கதையைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் புகுந்திருக்கிறோம்.

"பீர் விற்ற கடைக்கு ஒரு சரித்திரமா?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நம் நாட்டில் சத்திரம் வேறு, கள்ளுக்கடை வேறு. பழைய இங்கிலாந்திலோ இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. பிரயாணிக்குப் படுக்கை, குதிரைக்குப் புல், பசிக்கு உணவு, குளிருக்குக் கணப்பு, தாகத்துக்குப் பீர் ஆகிய எல்லாம் அங்கே கிடைத்தன.

இத்தகைய விடுதிகள் சதர்க்கில் நெருங்கி நின்றதற்குக் காரணம் உண்டு. 1750-ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்படும் வரையில், லண்டன் நகரத்துக்குள் தெற்கேயிருந்து நடந்தோ வண்டியிலோ செல்ல லண்டன் பாலம் ஒன்றே வழி. இரவானதும் பாலத்தின் வாசற்கதவு சாத்தப்பட்டுவிடும். நேரங்கழித்து வந்தவன் இக்கரையிலேயே தங்க வேண்டியதுதான். விடியுமுன் தெற்கே புறப்பட விரும்பியவனும் முதல் நாளே பாலத்தைத் தாண்டி வந்து இங்கே படுத்துக்கொள்வான்.

1307-ஆம் ஆண்டில் வின்செஸ்டர் நகரத்து ஹைடு மடத்தின் தலைவர் இந்த வீதியில் நிலம் வாங்கினார். லண்டனுக்கு வரும்போது தாமும் தம் துறவிகளும் தங்குவதற்கு ஒரு ஜாகை வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அதோடு சேர்ந்து எழுந்ததுதான் டபார்டு சத்திரம். டபார்டு என்பது அரச சபையின் கட்டியக்காரர்கள் அணிந்த கையில்லாத மேலங்கி. எழுத்தறியாதவர்களும் கண்டுகொள்ளும்படி கடைகளுக்கு உருவப் பலகை தொங்கவிட்ட காலம் அது.

சத்திரத்துக்கு அழியாப் புகழைத் தந்தவர் கவிஞர் ஜெப்ரி சாஸர். 1170-ஆம் ஆண்டில் காண்டர்பரி தேவாலயத்தில் வெட்டுண்டு இறந்த தாமஸ் பெக்கட்டின் சமாதிக்கு யாத்திரை போவது அக்காலத்து வழக்கம். அப்படிப் புறப்பட்ட இருபத்தொன்பது பேர் ஓர் இரவு டபார்டில் வந்து சேர்ந்ததாகச் சாஸர் தமது 'காண்டர்பரி கதைகள்' என்னும் காவியத்தைத் தொடங்குகிறார். போர்வீரர், கன்னிகாஸ்திரீ, மாவு மில்காரன், வியாபாரி, ஐந்து முறை மணம் புரிந்த ஒரு சீமாட்டி எனப் பலதரப்பட்டவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து உண்கிறார்கள். அந்தக் காலத்துச் சமூகத்தில் இத்தனை படித்தரத்தாரும் இப்படிக் கூடுவதற்குச் சத்திரத்தைவிடப் பொருத்தமான இடம் ஏது?

சத்திரக்காரர் ஹாரி பெய்லி ஒரு யோசனை சொல்கிறார். போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு என்று ஒவ்வொருவரும் கதை சொல்ல வேண்டும். சிறந்த கதை சொன்னவருக்கு, திரும்பி வந்ததும், மற்றவர்கள் செலவில் டபார்டிலேயே விருந்து! இந்தப் பெய்லி வெறுங் கற்பனை அல்ல. அதே பெயருள்ள விடுதிக்காரர் ஒருவர் 1370-களில் சதர்க்கின் பிரதிநிதியாகப் பார்லிமெண்டில் அமர்ந்திருந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரபுக்கள் பிரெஞ்சு மொழியிலும் பண்டிதர்கள் லத்தீனிலும் பெருமை கொண்டிருந்த நாட்களில், கடைத்தெருவில் ஜனங்கள் பேசிய ஆங்கிலத்திலேயே சாஸர் காவியம் பாடினார். தாய்மொழியின் மதிப்பை உணர்ந்த நமக்கு அதன் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1538-ஆம் ஆண்டில் எட்டாவது ஹென்றி மன்னர் மடங்களின் சொத்துக்களைப் பறித்தபோது ஹைடு மடம் ஒழிந்தது. பெக்கட்டின் சமாதியும் இடிக்கப்பட்டது. கட்டிய மடமும் இல்லை, யாத்திரையும் இல்லை. சத்திரம் மட்டும் கைமாறி நிலைத்தது. 1676-ஆம் ஆண்டில் சதர்க்கில் மூண்ட பெருந் தீ அதைச் சாம்பலாக்கியது. அதே மனையில் மறுபடியும் கட்டினார்கள். மேலங்கி போய், டால்பட் என்னும் வேட்டை நாயின் பெயர் வந்தது. முற்றத்தைச் சுற்றி மரத் தாழ்வாரங்கள் எழுந்தன. கெண்ட், ஸஸெக்ஸ் ஜில்லாக்களுக்குப் போகும் வண்டிகளால் அந்த முற்றம் கலகலத்தது.

மன்னராலும் நெருப்பாலும் ஆகாததை ரயில் செய்து முடித்தது. 1836-ஆம் ஆண்டில் லண்டன் பாலத்தருகே ரயில் நிலையம் திறக்கப்பட்டது. இரண்டு நாள் வழி இரண்டு மணி வழியாகச் சுருங்கிவிட்டால், நடுவழியில் படுக்கை எவனுக்கு வேண்டும்? குதிரைகள் மறைந்தன, தாழ்வாரங்கள் வெறிச்சோடின. 1873-ஆம் ஆண்டில் டபார்டை இடித்துத் தள்ளினார்கள்.

"இடிபட்டது சாஸர் கண்ட கட்டடம் அல்லவே! அதுதான் தீயில் போய்விட்டதே?" என்று வாதாடலாம். மரமும் செங்கல்லும் மாறியது உண்மைதான். ஆயினும் அதே மனை, அதே முற்றம், வழிப்போக்கனை வரவேற்கும் அதே தொழில் தொடர்ந்து வந்தன. தீக்குப் பிறகு மறுபடியும் கட்டியவர்கள் அந்தத் தொடர்ச்சியைக் காப்பாற்றினார்கள். 1873-இல்தான் அது அறுந்தது.

அக்கம்பக்கத்துக் கதையையும் பார்ப்போம். 1450-ஆம் ஆண்டில் கெண்ட் குடியானவர்களின் கலகத்தை நடத்திய ஜாக் கேட் தங்கியது இதே வீதியிலிருந்த ஒயிட் ஹார்ட் விடுதியில். டிக்கன்ஸ் தமது 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஸாம் வெல்லரை முதன்முதலில் பூட்ஸ் துடைக்கும் கோலத்தில் காட்டியதும் அங்கேதான். அந்த விடுதியும் 1889-இல் இடிபட்டது. அதே ஆண்டில், ஜார்ஜ் விடுதியின் இரண்டு பக்கங்களை ரயில்வே கம்பெனியார் இடித்தார்கள்; ஒரு பக்கம் தப்பியது. 1937-இல் அதை நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்புச் சங்கத்திடம் ஒப்படைத்தார்கள். பழைய மரத் தாழ்வாரத்தோடு லண்டனில் எஞ்சியிருக்கும் வண்டிச் சத்திரம் அது ஒன்றே. இன்றும் அங்கே உண்ணவும் அருந்தவும் ஜனங்கள் வருகிறார்கள்.

ஜார்ஜுக்குக் காவியப் புகழ் கிடையாது. பொறுப்பேற்க ஒருவர் கிடைத்தார். டபார்டுக்கு ஆங்கில இலக்கியத்தின் தலைவாசலிலேயே இடம் இருந்தது. ஆனால் தக்க சமயத்தில் கைகொடுக்க ஒருவரும் இல்லை. 2003-ஆம் ஆண்டில் அந்தச் சந்தில் ஒரு நினைவுப் பலகை திறந்து வைத்தார்கள். இடித்து நூற்று முப்பது வருஷங்கள் ஆன பிறகு! கவிஞரின் புகழ் பெயரைக் காப்பாற்றும்; கூரையைக் காப்பாற்ற மனிதர்கள்தாம் முன்வர வேண்டும்.

ஹாரி பெய்லி சொன்ன திட்டப்படி நூற்றுக்கு மேற்பட்ட கதைகள் வந்திருக்க வேண்டும். 1400-ஆம் ஆண்டில் சாஸர் காலமானபோது இருபத்து நான்கு கதைகளே எழுதப்பட்டிருந்தன. யாத்திரிகர்கள் காவியத்தில் திரும்பி வரவே இல்லை; வாக்களித்த விருந்தும் நடைபெறவில்லை. அவர்கள் என்றேனும் வந்து சேர்ந்தால், கதவைத் தட்டுவதற்கு இப்போது அங்கே கதவு இல்லை.