சாய்ந்து நிற்கும் கல்

அக்கா மகள் ஆர்க்கிடெக்சர் இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டாள். கோடை விடுமுறைக்கு இரண்டு பயிற்சிகளைப் பார்த்து வைத்துக்கொண்டு, "எதுல சேரட்டும் சித்தி?" என்று கேட்டாள். ஒன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆறு வார ஸ்டுடியோ. இன்னொன்று ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டில் வளைவும் குவிமாடமும் கட்டும் பயிற்சி. அங்கே சூளையில் வேகாத, நூற்றுக்கு 5 பங்கு சிமென்ட் சேர்த்து அழுத்திய மண் கல்தான்.

"சென்ட்ரிங்கே அடிக்காம கூரை கட்றாங்களாம் சித்தி. கல்லு எப்படி விழாம நிக்கும்?"

அந்தக் கேள்வி என்னைத் தாத்தா வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் விட்டது.

கட்டைக்குத்து வீடு அது. பட்டணத்தில் இதையே மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். வெயில் நாளில் சிமென்ட் தரையில் வெறும் முதுகோடு மல்லாந்தால், மேலே வரிசையாகத் தேக்கு உத்திரக்கட்டைகள். அவற்றின் மேல் மெல்லிய செங்கற்கள், பக்கவாட்டில் நிறுத்தி, மூலையிலிருந்து மூலைக்குச் சாய்ந்த வரிசையில். கல்லை எண்ணிக்கொண்டே போவேன். பாதி கூடம் தாண்டுவதற்குள் தூக்கம் வந்துவிடும். கொத்தனார் மூலையில் தொடங்கி ஒவ்வொரு கல்லாக ஒட்டிக்கொண்டே வருவாராம். ஈரச் சுண்ணாம்புக் காரை புதுக் கல்லை முந்தைய கல்லோடு பிடித்துக்கொள்ளுமாம். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் அடித்ததை ஆச்சி சொல்வாள். சொல்லும்போது அவள் கையும் தரையைத் தட்டும்.

எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தியின் 'ஏழைகளுக்கான கட்டடக்கலை' நூலைக் கல்லூரியில் படித்தபோதுதான் அந்தக் கூரை வேலையின் அருமை எனக்கு உறைத்தது. உலகப்போர்க் காலம். மரமும் இரும்பும் கிடைக்கவில்லை. மண் கல்லால் வளைகூரை கட்டிப் பார்க்கிறார், இடிந்து விழுகிறது. தெற்கே நூபியர்கள் சென்ட்ரிங் இல்லாமலே கட்டுவதாக அண்ணன் சொல்லக் கேட்டு, 1941இல் அஸ்வான் போகிறார். அவர் தேடியது அங்கே சாதாரணக் கிராமத்து வீடுகளில் இருக்கிறது. பிறகு அந்த ஊர்க் கொத்தனார்கள் வருகிறார்கள். முனைச்சுவரில் சேற்றைப் பூசி, கண்ணளவிலேயே வளைவைச் செதுக்குகிறார்கள். கையில் ஒரு வாய்ச்சி மட்டும். முதல் வரிசைக் கற்கள் அந்தச் சுவர் மேல் சாய்கின்றன, இரண்டாம் வரிசை முதல் வரிசை மேல் சாய்கிறது. கல்லின் பாரம் நேராகக் கீழே இறங்காமல் பின்னால் இருப்பதன் மேல் போகிறது. ஒன்றரை நாளில் கூரை முடிந்துவிடுகிறது.

அதில் ஒரு சின்ன விவரம் என்னை விட்டுப் போகவே இல்லை. அந்தக் கூரைக் கற்களில் கனம் குறைய வைக்கோல் கூடுதலாகச் சேர்ப்பார்கள். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு கல்லின் முகத்திலும் விரலால் இரண்டு கோடு இழுப்பார்கள். சேறு அந்தப் பள்ளத்தில் கவ்விக்கொள்ளும். எடை, ஒட்டு, உறிஞ்சல் எல்லாக் கணக்கும் அந்த இரண்டு விரல் தடத்தில் இருக்கிறது. அதைத் திரையில் எத்தனை முறை வரைந்தாலும் பிடிபடாது என்றுதான் நினைக்கிறேன். ஒரு கல்லையாவது கையால் ஒட்டி, அது நழுவுமா நிற்குமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

நான் படித்த நாளில் விடுமுறையை வரைபட மென்பொருள் வகுப்பில் கழித்தேன். அது சோறு போட்டது; குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாத்தா வீட்டுக் கூரையில் இரண்டு கல் பெயர்ந்தபோது என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பார்க்க வந்தவர் எல்லாவற்றையும் இடித்துவிட்டு கான்கிரீட் போடச் சொன்னார். பழைய வேலை தெரிந்தவரைத் தேடி இரண்டு வருஷமாக அலைகிறேன்.

"ஆரோவில் போ" என்றேன். ஸ்டுடியோவுக்கு அடுத்த கோடை இருக்கிறது.

போகும் முன் ஒரு நாள் தாத்தா வீட்டில் தங்கச் சொல்லியிருக்கிறேன். பாய் வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் தரையில் படு, கிணற்றடி மூலையிலிருந்து கல்லை எண்ணிக்கொண்டு வா என்று.