கை மாறும் குட்டி யானை

ஞாயிறு

பட்டாபிராமில் தண்ணீர் கேன் போடும் ஒரு தம்பியிடம் இப்போது இருப்பது மூன்று சக்கர லோடு ஆட்டோ. இந்து கல்லூரியிலிருந்து அண்ணனூர் வரை கடைகளும் வீடுகளுமாக அவருக்கு வாடிக்கை. கோடையில் ஆர்டர் கூடும்போது ஆட்டோ திணறுகிறது. புது வண்டிக்கு முன்பணம் கட்டும் நிலை இல்லை. அதனால் செகண்ட் ஹேண்டில் ஒரு குட்டி யானை, அதாவது டாடா ஏஸ், தேடுகிறார்.

அந்த வண்டி பிறந்ததே இவரைப் போன்றவர்களுக்காகத்தான். டாடா மோட்டார்ஸில் கிரிஷ் வாக் தலைமையிலான குழு, வடிவமைப்பில் இறங்குமுன் மூன்று சக்கர வண்டி ஓட்டுபவர்களிடம் போய்ப் பேசியது. குறைந்த செலவோடு நான்கு சக்கர வண்டிக்கு உரிய மரியாதையும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. 2005 மே மாதம் டாடா ஏஸ் வெளிவந்தது. இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினை அடிப்படையாக வைத்து உருவான இரண்டு சிலிண்டர் இன்ஜின், 702 சி.சி., 16 குதிரைத்திறன். சின்னச் சந்திலும் திரும்பும், தெருமுனை மெக்கானிக்கே பிரித்து மாட்டுவார். பழைய வண்டிச் சந்தையில் இதற்கு இன்றும் மவுசு குறையாததற்கு இவையே காரணம்.

திங்கள்

திருமுல்லைவாயலில் ஒரு வண்டி இருப்பதாக புரோக்கர் சொல்ல, காலை ஆறரைக்கே தம்பி மெக்கானிக்குடன் போய்விட்டார். "அண்ணே, நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தின இரவே ஓனரிடம் சொல்லியிருந்தார். சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும்.

சீட்டைத் தூக்கி இன்ஜின் மேல் கை வைத்தார் மெக்கானிக். சில்லென்று இருந்தது. சாவி திருப்பியதும் சிரமமின்றிப் பிடித்தது. பிறகு, ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்தார். அங்கிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். இதில் லேசான ஆவி மட்டுமே. சைலன்சரில் நீலப்புகையும் இல்லை.

அடுத்து தரைவிரிப்பைப் புரட்டினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் எஸ்டேட்டில் வெள்ளம் புகுந்தது. அதற்கு முன் 2015 வெள்ளம். மேற்குப் புறநகரில் பழைய வண்டி வாங்குபவர்கள் விரிப்புக்கு அடியில் வண்டல் காய்ந்திருக்கிறதா, வயர் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பார்க்காமல் விலை பேசுவதில்லை.

செவ்வாய்

திருமுல்லைவாயல் வண்டியில் இன்ஜின் சொன்னதைவிட அதிகம் சொன்னவை பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள். இடது பக்கம் ஒரு பட்டை புதிது, மற்றவை துருவேறிய பழசு. தொட்டியின் தரைத்தகட்டில் வெல்டிங் தழும்புகள். "இது ஜல்லி, மணல் அடிச்ச வண்டி தம்பி" என்றார் மெக்கானிக்.

முதல் ஏஸ் மாடல் சுமக்க வேண்டியது முக்கால் டன். 25 கிலோ அரிசி மூட்டை என்றால் 30, சிமென்ட் மூட்டை என்றால் 15. ஆனால் கால் யூனிட் எம் சாண்ட், அதாவது 25 கன அடி, ஏற்றினாலே ஒரு டன்னைத் தாண்டிவிடும். கட்டட வேலை நடக்கும் ஊரில் இந்தக் கால் யூனிட் லோடுதான் குட்டி யானைகளின் முதுகை ஒடிக்கிறது. 2019 முதல் அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். இருந்தும் வாடகை கைவிட்டுப் போய்விடுமே என்ற பயத்தில் ஏற்றுகிறார்கள். அதன் விலையை அடுத்த ஓனர் கிளட்ச், பேரிங், பட்டை என்று மாதம் ஒன்றாகக் கட்டுகிறார்.

அந்த வண்டி வேண்டாம் என்று வந்துவிட்டார்கள். இன்ஜின் நன்றாக இருந்தும்தான்.

புதன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகங்கள் ஏற்றும் ஒருவர் அசோக் லேலண்டின் தோஸ்த் வைத்திருக்கிறார். அதற்கு இவர் மூன்றாவது ஓனர். ஓசூரில் 2011-இல் தயாராகத் தொடங்கிய இந்த வண்டி ஒன்றேகால் டன் இழுக்கும், மூன்று சிலிண்டர். "இரும்பு ஏத்தணும்னா இதான். கேனுக்கும் காய்கறிக்கும் இது எதுக்கு? டீசலும் டயரும் அந்த அளவுக்குக் கேக்கும்" என்றார். பேக்கரிக்குச் சரக்கு கொண்டுபோகும் இன்னொருவர் ஈகோ கார்கோ ஓட்டுகிறார். மூடிய வண்டி என்பதால் மழைக்குத் தார்பாய் கட்டும் வேலை இல்லை. ஆனால் உயரமாக அடுக்க முடியாது. கேன் வியாபாரிக்குத் திறந்த தொட்டிதான் வசதி என்று இருவருமே ஒத்துக்கொண்டார்கள்.

இன்னொரு தகவலும் கிடைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய சரக்கு வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய வண்டி ஓனரிடம் பேரம் பேச நல்ல பிடி.

வெள்ளி

ஆவடியிலேயே ஒரு வண்டி அமைந்தது. மளிகைக் கடைக்காரருடையது. பட்டைகள் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன, தொட்டியில் ஒட்டுவேலை இல்லை. இனி காகிதம்தான். எம்-பரிவாஹன் செயலியில் எண்ணைப் போட்டதும் எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், வரி எல்லாம் வந்தன. கூடவே, ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயரும் ஆர்சியில் அப்படியே இருந்தது. கடன் எப்போதோ முடிந்ததாம், ஹெச்பி (கடன் அடமானப் பதிவு) கேன்சல் செய்யவில்லை.

"அதை முடிச்சுக் கொடுங்க சார், அப்புறம் அட்வான்ஸ்" என்றார் தம்பி. சரியான பேச்சு. என்ஓசியும் படிவம் 35-உம் இல்லாமல் பெயர் மாற்றம் நகராது. எட்டு வயது தாண்டிய வண்டி வேறு. இனி ஆண்டுதோறும் எஃப்சி காட்ட வேண்டும். அந்தச் செலவும் விலையில் கழிந்தது.

அடுத்த வியாழன்

ஹெச்பி கேன்சல் ஆகிவிட்டது. படிவம் 29, 30 இரண்டும் கையெழுத்தாகிவிட்டன. புரோக்கர்கள் பலர் வெற்றுப் படிவத்தில் ஓனரிடம் கையெழுத்து வாங்கிவைத்து, பெயர் மாற்றாமலே வண்டியை அடுத்தடுத்த கைகளுக்குத் தள்ளிவிடுவதுண்டு. இதில் முதலில் மாட்டுபவர் விற்றவர். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நாளில் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இருவரையும் காப்பதற்காகத்தான் இருக்கிறது.

மளிகைக்காரருக்கு இது புதுச் செய்தி. "அப்ப நானே கூட வர்றேன் தம்பி" என்று கடையை மனைவியிடம் விட்டுவிட்டு ஆர்டிஓ அலுவலகத்துக்குக் கிளம்பினார். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம் தம்பியின் பையில் தயாராக இருக்கிறது. அதற்கும் 14 நாள்தான் கெடு.