மல்லம்மாவின் மலை

திருப்பதிக்கு வரும் தமிழர்க்கு மலை என்றால் ஏழுமலைதான். பீலேர், மதனப்பள்ளி வழியாக மேற்கே சென்றால், ஏறத்தாழ 1,265 மீட்டர் உயரத்தில் இன்னொரு குளிர்மலை உண்டென்பதைப் பலர் அறியார். ஹார்ஸ்லி ஹில்ஸ் என வழங்கப்படும் அம்மலை, 2022 ஏப்ரலில் நிகழ்ந்த பிரிவினை வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

சித்தூரில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து, திருப்பதியில் வரலாற்றாய்வு செய்துவந்த மாணவி ஒருவர் ஒரு கோடையில் தோழியருடன் அங்குச் சென்றார். சுவிட்சர்லாந்தின் செர்மாட் போன்ற மலையூர்கள் சுற்றுலாத் தலங்களான வரலாறு குறித்த அவரது கருத்தரங்கக் கட்டுரை அப்போது பாதியில் நின்றிருந்தது. ‘மலைவாழிடங்களைக் கண்டறிந்தவர்கள் ஆங்கிலேயரே’ என்பது அதன் முதல் வரி.

தைலமரக் காற்று வீசியது. தோழியர் இடுப்பில் கயிறு கட்டிப் பாறைச் சரிவில் இறங்கி விளையாடினர். நண்பகலில் இலையில் வந்தவை ராகி சங்கட்டி, நாட்டுக்கோழிக் குழம்பு, வேர்க்கடலைச் சட்னி. அரிசியும் சேர்த்துக் கிண்டிய அந்தக் கேழ்வரகுக் களியை ‘இவ்வூர்ச் சிறப்புணவு’ என்றது விலைப்பட்டியல். வீட்டில் உண்பது களி என்பதை விடுதியில் ஓராண்டுக்கும் மேலாக மறைத்திருந்தவர் அவர். தோழியர் உருட்டத் தெரியாமல் திகைத்தபோது, குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்கும் முறையை அவரே கற்றுக்கொடுத்தார்.

செர்மாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. மேய்ப்பர்கள் நெருப்பருகே உருக்கித் தின்ற பாலாடைக்கட்டி இன்று அங்கே விருந்துணவு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலேயரான விம்பர் தலைமையில் 1865இல் முதன்முதலாக ஏறப்பட்ட மாட்டர்ஹார்ன் சிகரத்திற்கு அவர் பெயர் சூட்டப்படவில்லை. புல்வெளியைக் குறிக்கும் உள்ளூர்ச் சொல்லே அதன் பெயரில் நிலைத்தது. இங்கோ, வெயிலுக்கு ஒதுங்க வீடு கட்டிய கடப்பை ஆட்சியர் ஹார்ஸ்லியின் பெயர் மலை முழுவதற்குமாகிவிட்டது.

பரிமாறிய முதியவரிடம் மலையின் பழைய பெயரைக் கேட்டார்.

“ஏனுகு மல்லம்ம கொண்டா, தாயி. துரை வந்தது நேற்றுத்தானே!”

ஏனுகு என்றால் யானை. யானைகள் வளர்த்த மல்லம்மா என்னும் பெண் செஞ்சு மக்களின் நோய் தீர்த்தாள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அவளுக்கு அங்கே கோயிலும் உண்டு. காட்சிமுனைக்குச் செல்லும் அவசரத்தில் மாணவியர் காலையில் அதைக் கடந்து போயிருந்தனர்.

மாலையில் தோழியர் மீண்டும் காட்சிமுனைக்குப் புறப்பட்டனர். அவர் மட்டும் கோயிலுக்கு நடந்தார். அன்றிரவு கட்டுரையைத் திறந்து, முதல் வரியை அடித்துவிட்டு, ‘ஆங்கிலேயர் வந்தபோது அம்மலைகளுக்குப் பெயர்கள் இருந்தன’ என்று எழுதத் தொடங்கினார்.