முல்லையாற்று நீரும் கண்மாய் மீன்களும்

தேனியிலிருந்து குமுளி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர், இருபுறமும் விரிந்து கிடக்கும் நெல் வயல்களையும், தென்னந்தோப்புகளையும், திராட்சைப் பந்தல்களையும் கண்டு மனம் மகிழ்வர். மேற்கே கேரள எல்லையாக நிற்கும் மலைத்தொடர், கிழக்கே மேகமலை. இவ்விரண்டுக்கும் இடையில் இறைவன் விரித்து வைத்த பசுங்கம்பளமே கம்பம் பள்ளத்தாக்கு. ஆனால் சாலைக்குச் சற்றுத் தள்ளி ஒளிரும் கண்மாய்களைக் காண வண்டியை நிறுத்துவோர் மிகச் சிலரே. கூடலூர் ஒட்டான்குளம், உத்தமபாளையம் தாமரைக்குளம், சின்னமனூர் கருங்கட்டான்குளம், தேனி மீறுசமுத்திரம் எனப் பெயர் பெற்ற நீர்நிலைகள் பல இங்குள்ளன. விடுமுறை நாள்களில் அவற்றின் கரையில் மூங்கில் கம்பும் நரம்பும் தக்கையுமாகச் சிறுவர்கள் வரிசையாக அமர்ந்திருப்பதைக் காணலாம்.

இந்தக் கண்மாய்களில் இன்று என்னென்ன மீன்கள் வாழ்கின்றன? தூண்டில் போடுவோனுக்கு என்ன கிடைக்கும்? நம் பாட்டனார் காலத்து மீன்கள் நம் பேரர்கள் காலத்திலும் இருக்குமா? இக்கேள்விகளுக்கு விடை காண, நீர் வரும் வழியிலேயே நாமும் தேக்கடியிலிருந்து வைகை அணை வரை சென்று பார்ப்போம்.

மலையைத் துளைத்து வந்த நீர்

மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்தது பெரியாறு. 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கிலேய இந்திய அரசுக்கும் இடையே 999 ஆண்டுகளுக்கான குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பொறியாளர் பென்னிகுயிக் எழுப்பிய அணை 1895இல் திறக்கப்பட்டது. அணையின் பின்னே தேங்கிய நீர் மலையைத் துளைத்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டது. அந்நீரே லோயர் கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி எனப் பள்ளத்தாக்கு முழுவதையும் நனைத்துக்கொண்டு ஓடி, தேனிக்கு அருகில் வைகையோடு கலக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் நிலம் இதனால் இருபோகம் விளைகிறது. வாய்க்கால்களின் வழியே கண்மாய்களும் நிரம்புகின்றன. ஆகவே ஒரு கண்மாய் மீனின் கதையை எழுதப் புகுந்தால், அது மலை மேலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மலை ஏரியின் அரிய மீன்கள்

தேக்கடிப் படகுத்துறைக்குச் செல்வோர் யானையையும் காட்டெருமையையும் தேடுகின்றனரே அன்றி, படகுக்கு அடியில் நீந்தும் செல்வத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. பெரியாற்றின் மேற்பகுதியில் வாழும் மீன்களில் சில, உலகின் வேறு எப்பகுதியிலும் காணப்படாதவை. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய அறிஞர் சுந்தரராஜ், லெபிடோபைகோப்சிஸ் டைபஸ் என்னும் கெண்டை இனத்தை 1941இல் உலகுக்கு அறிமுகம் செய்தார். அடிவயிற்றின் பின்புறம் அமைந்த பெரிய செதில்கள், இமயமலை ஆறுகளின் மீன்களை நினைவூட்டியதால் அறிஞர்கள் வியப்படைந்தனர். அதே நீரில் வாழும் வேறொரு சிறு மீன் 1996இலும், பாறையை உறிஞ்சிப் பற்றிக்கொள்ளும் கல்மீன் ஒன்று 2001இலும் புதிய இனங்களாகப் பெயர் பெற்றன. பெரியாற்றின் பெயரையே அவ்விரண்டும் தாங்கி நிற்கின்றன. நூறாண்டுகளுக்கு மேலாக மனிதர் வந்து போகும் ஓர் இடத்தில், அண்மைக் காலம் வரை பெயரிடப்படாத உயிர்கள் இருந்தன என்பது, படைப்பின் விரிவை நமக்கு உணர்த்தப் போதுமானதன்றோ!

இந்த ஏரியில் மீன்பிடிக்கும் உரிமைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1886ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அவ்வுரிமை சென்னை மாகாணத்திடம் இருந்தது. 1970இல் துணை ஒப்பந்தம் எழுதப்பட்டபோது, குத்தகைத் தொகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்ந்தது. மீன்பிடி உரிமையைத் தமிழகம் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தது. ஏரி 1978 முதல் புலிகள் காப்பகத்தினுள் அடங்கும். மலைவாழ் மன்னான் இன மக்கள் மூங்கில் தெப்பத்தில் சென்று வலைவீசி மீன்பிடித்து வாழ்கின்றனர். சுற்றுலாவாகச் செல்வோர் அங்கே தூண்டிலைக் கையில் எடுக்கலாகாது. பார்த்து மகிழ்வதோடு நம் உரிமை முடிந்துவிடுகிறது.

ஆனால் அம்மக்களின் வலையில் இன்று மிகுதியாகச் சிக்குபவை அவ்விடத்துக்கே உரிய மீன்கள் அல்ல. வெளிநாட்டிலிருந்து வந்த ஜிலேபியும் சாதாக் கெண்டையுமே. மலை மேல் நடந்த இந்த மாற்றம் கீழே பள்ளத்தாக்கிலும் நடந்திருக்கிறது.

கண்மாயின் பூர்வகுடிகள்

நம் பகுதிப் பெரியவர்களிடம் கண்மாய் மீன்களைப் பற்றிக் கேட்டால் அவர்கள் முகம் மலர்ந்துவிடும். விரால், குரவை, கெளுத்தி, ஆரால், உளுவை, கெண்டை, அயிரை என அடுக்கிக்கொண்டே போவார்கள்.

இவற்றுள் விரால், தூண்டில்காரனின் அரசன். நீரில் மட்டுமன்றி மேலே வந்து காற்றையும் உள்ளிழுத்துச் சுவாசிக்க வல்லது. ஆதலால் சேறும் பாசியும் நிறைந்த கண்மாயிலும் பிழைத்துக்கொள்ளும். இம்மீனின் சிறப்பு அதன் குஞ்சு வளர்ப்பில் இருக்கிறது. முட்டை பொரித்ததும் செந்நிறக் குஞ்சுகள் பந்துபோல் திரண்டு நீர்மட்டத்தில் மிதந்து செல்ல, பெற்ற மீன்கள் கீழே காவலாக உடன் செல்லும். காவல் மீனைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சுகளும் பிற மீன்களுக்கு இரையாகிவிடும்.

அயிரையோ தூண்டிலுக்கு அகப்படாத சிறு மீன். மணற்பாங்கான தரையில், ஓடும் தெளிந்த நீரில் வாழ்வது. மதுரை, தேனி வட்டாரத்தில் அயிரை ஆணத்துக்கு இருக்கும் மதிப்பை நம் இல்லத்தரசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. விருந்தினர் வந்தால் ஆட்டிறைச்சியை ஒதுக்கிவிட்டு அயிரையைத் தேடும் வீடுகளும் உண்டு. ஆற்றில் மணல் குறைந்து, வாய்க்காலில் கழிவு நீர் மிகுந்ததும் அயிரையின் இருப்பிடம் சுருங்கிவிட்டது. அதன் விலை ஏறிக்கொண்டே போவதற்குச் சுவை மட்டும் காரணமன்று, அருமையும் காரணம்.

வந்து குடியேறியவை

1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது ஆப்பிரிக்க நாட்டு ஜிலேபி மீன். ஏழை மக்களுக்கு மலிவான புரதம் கிடைக்கும் என்ற நல்லெண்ணத்தில், பின்னர் தமிழகத்தின் நீர்த்தேக்கங்கள் பலவற்றில் விடப்பட்டது. தாய் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதால் சேதம் குறைவு. ஓராண்டில் பலமுறை இனப்பெருக்கம் செய்யும். எதையும் தின்னும், அழுக்கு நீரிலும் வாழும். இதனால் ஒரு கண்மாயில் நுழைந்துவிட்டால் சில ஆண்டுகளில் எங்கும் அதுவே. எண்ணிக்கை பெருகப் பெருக இரை போதாமல் உடல் சிறுத்து, உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் கண்மாய்க் கரையிலிருந்து திரும்பும் சிறுவர்கள் எனக்குத் தூக்கிக் காட்டும் கோர்வையில் பெரும்பாலும் தொங்குவது இத்தகைய சிறு ஜிலேபிகளே.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை வடநாட்டு ஆறுகளிலிருந்து வந்த கெண்டைகள். இவை தேங்கிய நீரில் தாமாக இனம் பெருக்குவதில்லை. ஆற்று வெள்ளத்தின் ஓட்டம் வேண்டும். இந்தத் தடையை நீக்கியவர்கள் ஹீராலால் சௌத்ரியும் கே. எச். அலிகுஞ்ஞியும் ஆவர். 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் அவர்கள் ஒடிசாவில் ஊசி மருந்தின் மூலம் இம்மீன்களை முட்டையிடச் செய்து வெற்றி கண்டனர். அந்நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இன்று நாட்டின் எந்த மூலையிலுள்ள கண்மாயிலும் கட்லா கிடைக்கிறதென்றால், அந்த ஆராய்ச்சியே காரணம். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. குஞ்சு விடாத ஆண்டில் கண்மாயில் கட்லா இராது. அது விதைத்தால் விளையும் பயிரைப் போன்றது. விராலும் கெளுத்தியும் விதைக்காமலே முளைக்கும் பச்சை.

மூன்றாவதாக வந்தது ஆப்பிரிக்கக் கெளுத்தி. இதை வளர்க்கக் கூடாதென மத்திய அரசு தடை விதித்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், பல இடங்களில் கள்ளத்தனமாக வளர்க்கப்படுகிறது. மழை வெள்ளத்தில் குளம் உடைந்தால் ஆற்றுக்குள் புகுந்துவிடுகிறது. பெருந்தீனிக்காரனான இது சிறு மீன்களையும் குஞ்சுகளையும் விட்டுவைப்பதில்லை. நாட்டுக் கெளுத்தி என எண்ணி இதன் குஞ்சுகளை வாங்கிக் கிணற்றிலோ குளத்திலோ விடுவோர், தாம் அறியாமலே ஊர் முழுவதற்கும் தீங்கு செய்கின்றனர்.

வைகை அணையில்

பள்ளத்தாக்கின் நீரெல்லாம் இறுதியில் ஆண்டிபட்டி அருகே வைகை அணையில் சேர்கிறது. 1959இல் கட்டி முடிக்கப்பட்ட இவ்வணையில் 71 அடி வரை நீரைத் தேக்கலாம். மீன்வளத்துறை இங்கே குஞ்சுகளை விட்டு வளர்க்க, மீனவர்கள் பரிசலில் சென்று பிடித்து வருகின்றனர். கட்லாவும் ரோகுவும் மிர்காலும் ஜிலேபியும் இங்குக் கிடைக்கும் முக்கிய மீன்கள். அணையைக் காண வரும் குடும்பத்தினர் அன்று பிடித்த மீனை வாங்கிச் செல்வதும் வழக்கம். சண்முகாநதி, மஞ்சளாறு, சோத்துப்பாறை எனத் தேனி மாவட்டத்தில் வேறு சிறிய அணைகளும் இருக்கின்றன. எங்கும் உரிமையுடையோரின் அனுமதி பெற்றே தூண்டில் போட வேண்டும். கண்மாய்களின் மீன்பாசி உரிமையும் ஏலத்தில் விடப்படுகிறது. குத்தகைதாரர் பணம் செலவிட்டு விட்ட கெண்டையை அவர் அறியாமல் பிடிப்பது பிறர் பொருளை எடுப்பதேயாகும். இதைப் பிள்ளைகளுக்குப் பெற்றோர்தாம் எடுத்துரைக்க வேண்டும்.

தூண்டில் பிடிப்போர் கவனத்திற்கு

கெண்டை வகைகளுக்குப் பிசைந்த கோதுமை மாவு உருண்டை போதும். கெளுத்திக்கும் ஆராலுக்கும் மண்புழு. விராலுக்கு உயிருள்ள சிறு மீன் அல்லது தவளை. அதிகாலையும் மாலையுமே ஏற்ற வேளைகள். உச்சி வெயிலில் மீன் ஆழத்துக்கோ நிழலுக்கோ போய்விடும்.

ஜூன் மாதத்தில் அணை திறக்கப்பட்டு வாய்க்காலில் புதுநீர் பாயும்போதும், ஐப்பசி மழையின் முதல் வெள்ளத்திலும், நாட்டு மீன்கள் நீரை எதிர்த்து ஏறும். அவை வயிறு நிறைய முட்டையோடு இனம் பெருக்கப் போகின்றவை. மடைவாயில் பறி வைத்து அவற்றை அள்ளுவது எளிது. ஆனால் ஒரு கூடை மீனுக்காக ஓராண்டின் விளைச்சலை இழப்பதாகும். அந்நாள்களில் பறியையும் தூண்டிலையும் ஒதுக்கி வைப்போம். குஞ்சுகளோடு திரியும் விராலைக் கண்டால் கையெடுக்காமல் விடுவோம். ஜிலேபி கிடைத்தால் அது எத்தனை சிறிதாயினும் திரும்ப நீரில் விட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து வறுத்து உண்ணலாம். ஆனால் தேவைக்கு மேல் பிடித்துக் கரையில் வீசுவது எந்த மீனாயினும் வீண்விரயமே.

வண்டல் மண் அள்ளிய கண்மாய்களில் கரையோரத்திலேயே ஆழமான குழிகள் மறைந்திருக்கும். நீச்சல் அறியாத பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். மீன் இன்று கிடைக்காவிட்டால் நாளை கிடைக்கும்.

மிதக்கும் மீன் சொல்லும் செய்தி

சில நாள்களில் விடியற்காலையில் கண்மாய் ஓரத்தில் மீன்கள் செத்து மிதப்பதைக் காணலாம். பாசி மண்டிய நீரில் இரவெல்லாம் பிராணவாயு செலவாகி, விடியும் முன் மிகக் குறைந்துவிடும். மீன்கள் வாயைத் திறந்து மேலே வந்து தவிக்கும். வெப்பமும் கழிவும் மிகுந்தால் மாண்டுபோகும். வயலில் தெளித்த பூச்சிமருந்து கலந்தாலும் இதே கதிதான். நம் வட்டாரத்தில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபீ மத்ஹபின்படி, தானே இறந்து மல்லாந்து மிதக்கும் மீனை உண்ணலாகாது. ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு அனுமதி உண்டு. எனினும் நஞ்சு கலந்திருக்குமோ என்ற ஐயம் எழுமிடத்தில் எவராயினும் விலகிக்கொள்வதே பேணுதலாகும். மலிவாகக் கிடைக்கிறதே என அத்தகைய மீனை வாங்கிப் பிள்ளைகளுக்குச் சமைத்துத் தர வேண்டாம்.

மிதக்கும் மீன், கண்மாய் நமக்கு எழுதும் மடல். வீட்டுச் சாக்கடையை வாய்க்காலில் திருப்பியது யார், இறைச்சிக் கழிவையும் பாலித்தீன் பையையும் கரையில் கொட்டியது யார் என்று அது கேட்கிறது. ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் தன் ஊர்க் கண்மாயில் கழிவு சேராமல் பார்த்துக்கொள்ள முன்வந்தால், அது ஊருக்கே செய்யும் நன்மையாகும். தண்ணீர் எல்லாருக்கும் பொது. மீன் அத்தண்ணீரின் உடல்நலத்தைக் காட்டும் நாடி.

மலையைத் துளைத்துத் தண்ணீரைக் கொண்டுவர நம் முன்னோர் காலத்தில் ஓர் அரசும் ஆயிரக்கணக்கான உழைப்பாளிகளும் தேவைப்பட்டனர். வந்த தண்ணீரில் ஒரு விரால் தன் குஞ்சுகளை வளர்த்து முடிக்கும் வரை பொறுத்திருக்க, தூண்டில் பிடித்த ஒரு கை போதும்.